வெளியே போகும் மெயிலுக்கு ஒரு காவல்: ஹோஸ்டிங் சர்வரில் ஆர்ஸ்பாம்டி

ஸ்பாம் வடிகட்டி என்றதும் எல்லாருக்கும் இன்பாக்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஹோஸ்டிங் வேலையில் இருப்பவனுக்கு அது பாதிக் கவலைகூட இல்லை. உள்ளே குப்பை வந்தால் ஒரு வாடிக்கையாளர் எரிச்சலடைவார், டிக்கெட் போடுவார், அவ்வளவுதான். நம் சர்வரிலிருந்து குப்பை வெளியே போனால், மற்ற மெயில் சர்வர்கள் நம் ஐபி முகவரியையே தடுத்துவிடும்; அந்த ஐபியில் குடியிருக்கும் அத்தனை பேரின் மெயிலும் நின்றுபோகும். ஒருவர் பாஸ்வேர்டைப் பறிகொடுத்ததற்கு, அதே சர்வரில் இருக்கும் பள்ளிக்கூடம், வக்கீல் அலுவலகம், உதிரிபாக வியாபாரி எல்லாரும் "எங்கள் இன்வாய்ஸ் ஏன் போகவில்லை?" என்று போன் செய்வார்கள். அதனால் இந்த மதிப்புரை ஆர்ஸ்பாம்டி (Rspamd) என்ற ஸ்பாம் வடிகட்டியின் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும்: வெளியே போகும் மெயிலை அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது, எங்கே கோட்டைவிடுகிறது.

எங்களுடையது பகிர்வு ஹோஸ்டிங். ஒரே இயந்திரத்தில் நிறையத் தளங்கள், பெரும்பாலும் வேர்ட்பிரஸ். மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட். முன்பு ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2001-ல் தொடங்கிய பெர்ல் நிரல் அது. நிதானமானது, குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதன் வேலை ஒரு மெயிலைப் படித்து எவ்வளவு ஸ்பாம் என்று மதிப்பெண் போடுவது. "இதே ஆள் கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை மெயில் அனுப்பினார்?" என்று கேட்டு நிறுத்திவைப்பது அதன் வேலை அல்ல. வெளியே போகும் மெயிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஆர்ஸ்பாம்டியைத் தொடங்கியவர் விசெவலத் ஸ்தாகொவ். மையம் சி மொழியில், விதிகள் பெரும்பாலும் லுவா என்ற நிரல் மொழியில், ஞாபகம் வைத்துக்கொள்ள ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு. அப்பாச்சி 2.0 உரிமம், ஆகவே காசு கிடையாது. போஸ்ட்ஃபிக்ஸோடு மில்ட்டர் (மெயில் சர்வரில் வடிகட்டியைச் செருகும் முறை) வழியாக 11332-ஆம் போர்ட்டில் பேசும். உலாவியில் பார்க்க 11334. நிறுவுவது பெரிய விஷயமில்லை. பேக்கேஜ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸில் இரண்டு வரி சேர்த்தால் ஓடத் தொடங்கிவிடும். அந்த இரண்டில் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதை கீழே வருகிறது.

நிறுவிய அன்றைக்கே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும்: ஆர்ஸ்பாம்டி விழுந்துவிட்டால் மெயில் என்ன ஆவது? போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான நடத்தை, தற்காலிகமாக மறுத்து "அப்புறம் வா" என்பது. பல வழிகாட்டிகள் இதை "அப்படியே ஏற்றுக்கொள்" என்று மாற்றச் சொல்கின்றன. உள்வரும் மெயிலுக்கு அது சரி. வாடிக்கையாளர் லாகின் செய்து அனுப்பும் 587, 465 போர்ட்டுகளுக்கு நான் மாற்றவில்லை. காவலாளி மயங்கி விழுந்தால் கதவைத் திறந்து போடுவது என்ன காவல்?

லாகின் செய்து அனுப்புகிறவரை ஆர்ஸ்பாம்டி வேறு மாதிரி நடத்துகிறது, அது எனக்குப் பிடித்த விஷயம். எஸ்பிஎஃப், டிமார்க் (அனுப்புநர் முகவரி உண்மையா என்று பார்ப்பவை), கிரேலிஸ்டிங் (சந்தேக மெயிலை முதலில் "அப்புறம் வா" என்று திருப்புவது) போன்ற சோதனைகளைத் தானாகவே விட்டுவிட்டு, மெயில் நம் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையெழுத்துப் போடத் தயாராகிறது. வீட்டு இணைப்பிலிருந்து லாகின் செய்யும் ஒருவரின் ஐபி, தடுப்புப் பட்டியல்கள் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருப்பது சகஜம். நேரடியாக மெயில் சர்வராக நடக்கக் கூடாத ஐபிகளின் பட்டியல்தான் அது. அதை வைத்து நம் வாடிக்கையாளரை மறுத்தால் மறுநாள் காலை போன் ஓயாது. இந்த அடிப்படை அறிவு பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருக்கிறது.

மதிப்பெண் எல்லைகளை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். இயல்பில் 4-க்கு கிரேலிஸ்டிங், 6-க்கு மெயிலின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) ஸ்பாம் என்று ஒரு வரி சேர்த்தல், 15-க்கு மறுப்பு. இது உள்வரும் மெயிலை நினைத்து வைத்தது. வெளியே போவதற்கு அந்த 6-ஐ அப்படியே விட்டால், "இது ஸ்பாம்" என்று நாமே நெற்றியில் எழுதி ஒட்டி ஜிமெயிலுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று அர்த்தம். செட்டிங்ஸ் மாட்யூலில் "லாகின் செய்தவர்" என்று ஒரு விதி எழுதி, கிரேலிஸ்டிங்கையும் தலைப்பையும் எடுத்துவிட்டு, மறுப்பு எல்லையைக் கீழே இறக்கினேன். கூடவே மறுப்பை நேரடி மறுப்பாக விடாமல், நிறுத்திவைப்பாக மாற்றினேன். வெளியே போகும் மெயிலுக்கென்று தனியாக ஒரு ப்ராக்ஸி வொர்க்கர் (போஸ்ட்ஃபிக்ஸோடு பேசும் ஆர்ஸ்பாம்டியின் பகுதி) வைத்து, அதில் நிறுத்திவைக்கும் விருப்பத்தைப் போட்டால், சந்தேக மெயில் போஸ்ட்ஃபிக்ஸின் ஹோல்ட் க்யூவில் (நிறுத்திவைத்த மெயில்களின் வரிசை) போய் உட்கார்ந்துகொள்ளும். க்யூவைப் பட்டியலிட்டால் ஐடிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். பார்த்து, நல்லதென்றால் விடலாம், இல்லையென்றால் அழிக்கலாம். வாடிக்கையாளரின் விலைப்பட்டியலை ஒரு இயந்திரம் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளடக்கத்தைப் படிக்கும் திறமைக்காக நான் ஆர்ஸ்பாம்டியை வைத்துக்கொள்ளவில்லை. அது எண்ணத் தெரிந்தது என்பதற்காக வைத்திருக்கிறேன்.

திருட்டுப்போன மெயில் பெட்டி எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தால் இது புரியும். ஆர்ஸ்பாம்டியின் வலைப்பக்கத்தில் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுப் பெட்டி. இரவு வேளை. சப்ஜெக்ட் "நிலுவைத் தொகை தொடர்பாக". உடலில் நான்கு வரி, ஓர் இணைப்பு. மதிப்பெண் 2 சொச்சம். தப்பான எழுத்துரு இல்லை, மருந்து விளம்பரம் இல்லை, லாட்டரி இல்லை. மனிதன் படித்தாலும் சந்தேகம் வராது. அடுத்த வரியும் அதே மாதிரி. அதற்கு அடுத்ததும். ஐபி பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால்தான் பொறி தட்டும்: ஒவ்வொரு ஐபியிலிருந்தும் இரண்டு மூன்று மெயில்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நாடு. ஐபிக்கு ஒரு வரம்பு என்று பழைய முறையில் கட்டி வைத்திருந்தால் இது எதிலும் சிக்காது. போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வேக வரம்பு எண்ணுவது ஐபியைத்தான், லாகின் பெயரை அல்ல. இந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டுதான் திருடர்கள் இப்படிப் பிரித்து அனுப்புகிறார்கள்.

ஆர்ஸ்பாம்டியின் ரேட்லிமிட் மாட்யூல் லாகின் பெயரை வைத்தே எண்ணும். அடியில் ஓட்டையுள்ள வாளி என்ற கணக்கு: வாளியின் கொள்ளளவு ஒன்று, ஒழுகும் வேகம் ஒன்று. நான் வைத்திருப்பது கொள்ளளவு 50, ஒழுகல் நிமிடத்துக்கு ஒன்று. அதாவது ஒரே மூச்சில் 50 மெயில் போகலாம். அதன்பிறகு நிமிடத்துக்கு ஒன்றுதான். சாதாரண அலுவலகம் எதுவும் இதைத் தொட்டதில்லை. இதைத் தொட்ட நல்லவர்கள் எல்லாரும் செய்திமடல் அனுப்புகிறவர்கள். அவர்களை மொத்த மெயிலுக்கென்றே இருக்கும் சேவைக்குப் போகச் சொல்லிவிடுகிறேன், அது அவர்களுக்கும் நல்லது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். பகிர்வு சர்வரில் வைத்து இந்த விளையாட்டை விளையாட முடியாது.

வாளியைப் பற்றி இன்னொன்று. நல்ல மெயில் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகவும், ஸ்பாம் போனால் சுருங்கவும் அமைக்கலாம். புதிதாக வந்தவரையும் பல வருடம் ஒழுங்காக இருந்தவரையும் ஒரே அளவில் வைக்க வேண்டியதில்லை. லுவாவில் ஒரு செயல்கூறு எழுதி, யாருக்கு என்ன வேகம் என்று நாமே திருப்பித் தரவும் முடியும். புதிய கணக்குகளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். திருட்டு கார்டில் கணக்குத் திறக்கிறவன் அன்றைக்கே அனுப்பிவிட்டுப் போகத்தான் வருகிறான், காத்திருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. ஆரம்ப நாட்களில் வாளி சிறியது என்று தெரிந்தால் பெரும்பாலும் வேறு இடம் பார்க்கப் போய்விடுவான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 1440. வாளி நிரம்பிய பிறகும் திருடன் விடாமல் முட்டிக்கொண்டே இருந்தால் அத்தனை மெயில் போகும். வரம்பு என்பது பூட்டு இல்லை. நமக்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் யாராவது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஆர்ஸ்பாம்டி அதைச் செய்யாது. மெட்டாடேட்டா எக்ஸ்போர்ட்டர் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. லாகின் செய்தவரின் மெயில் ஸ்பாம் என்று பட்டால் நிர்வாகிக்கு மெயில் போடும், அல்லது கணக்குகளை நிர்வகிக்கும் நம் பேனலில் ஒரு வலை முகவரியைத் தட்டும். ஆனால் வேக வரம்பில் அடிபட்டது தற்காலிக மறுப்பு என்பதால் அந்தக் கணக்கில் வராது. அதற்கும் தட்ட வேண்டுமென்றால் எந்த மெயிலுக்குத் தட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் ஒரு செலக்டரைச் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். ஹோஸ்டிங்காரர்களுக்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை கிடையாது. தயாராகவே வந்திருக்க வேண்டிய ஒன்று, இல்லை.

எழுதிக்கொண்டேன். இப்போது ஒரு பெட்டி வரம்பில் சிலமுறை அடிபட்டால், பேனல் அந்தப் பெட்டியின் அனுப்பும் உரிமையை மட்டும் நிறுத்தும். மெயில் வருவதும் படிப்பதும் தொடரும். அப்புறம் க்யூவைப் பார்க்க வேண்டும். லாகினை நிறுத்தினாலும், ஏற்கெனவே க்யூவில் ஏறிவிட்ட மெயில் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த லாகின் பெயரில் வந்தவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கவில்லை என்றால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

நாடுகளை எண்ணுவதற்கும் ஒரு சின்ன லுவா விதி போதும். ஏஎஸ்என் மாட்யூல் ஒவ்வொரு ஐபிக்கும் நாட்டையும் நெட்வொர்க் எண்ணையும் தருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரே லாகினுக்கு எத்தனை வேறு வேறு நாடு என்று ரெடிஸில் ஒரு பட்டியல் வைத்து எண்ணினால் முடிந்தது. இரண்டு நாடு என்றால் பயணம், விபிஎன் என்று ஏதாவது இருக்கும். ஐந்து என்றால் ஐயமே இல்லை. என் அனுபவத்தில், எழுதிய விதிகளிலேயே மிகக் குறைவாகத் தப்புச் செய்வது இதுதான்.

சரி, அந்த விட்டுப்போகும் வரிக்கு வருவோம்.

போஸ்ட்ஃபிக்ஸில் மில்ட்டரைச் சேர்க்க இரண்டு இடம். ஒன்று எஸ்எம்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க் இணைப்பில் வரும் மெயிலுக்கு. மற்றது இயந்திரத்துக்குள்ளேயே பிறக்கும் மெயிலுக்கு, அதாவது சென்ட்மெயில் கட்டளை வழியாக வருவதற்கு. முதல் வரியை மட்டும் போட்டால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் மெயில் செயல்கூறு மூலம் கிளம்பும் எதையும் ஆர்ஸ்பாம்டி கண்ணால்கூடப் பார்க்காது. பகிர்வு ஹோஸ்டிங்கில் பெருவெள்ளம் வருவதே அந்த வழியாகத்தான். பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரல் ஒன்றின் ஓட்டை வழியாகத் திருடன் ஒரு கோப்பை ஏற்றி, படங்கள் இருக்கும் கோப்புறையில் அப்பாவிப் பெயரோடு வைத்துவிடுகிறான். அங்கிருந்து ஓட்டுகிறான். எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை.

இரண்டாம் வரியைப் போட்ட பிறகும் பிரச்சினை முழுதாகத் தீராது. உள்ளே பிறந்த மெயிலுக்கு லாகின் பெயர் கிடையாது. லாகின் பெயரை வைத்து எண்ணும் அந்த அருமையான வாளி இங்கே வெறும் வாளி. ஐபி என்று பார்த்தால் எல்லாமே 127.0.0.1, அதாவது இதே இயந்திரம். ஆகவே வேறு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். பிஎச்பியில் மெயிலுக்குக் கூடுதல் தலைப்பு சேர்க்கும் ஒரு விருப்பம் 5.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் போட்டால், கிளம்பும் ஒவ்வொரு மெயிலிலும் அந்த நிரல் கோப்பின் உரிமையாளரான யூசரின் எண்ணும் கோப்பின் பெயரும் பதிவாகும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பிஎச்பியும் அவரவர் யூசரில் ஓட வேண்டும் என்பது இதற்கு முன்நிபந்தனை. எல்லாரும் ஒரே யூசரில் ஓடினால் இந்தத் தலைப்பால் அரைப் பயன்தான். ஆர்ஸ்பாம்டியின் செலக்டர் வழியாக அந்தத் தலைப்பின் யூசர் எண்ணை எடுத்து, அதையே வாளியின் பெயராக வைத்துவிடலாம். லாகின் இல்லாத மெயிலுக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

இந்தத் தலைப்பால் இன்னொரு லாபம். ஹேக் ஆன தளங்களுக்கென்று ஆர்ஸ்பாம்டியில் ஒரு விதிக் குழுவே இருக்கிறது. மெயிலை அனுப்பிய பிஎச்பி நிரல் இவால் செய்த (வெறும் எழுத்தாக வந்ததை அங்கேயே நிரலாக ஓட்டிய) குறியீட்டிலிருந்து ஓடியதா, முழு அதிகாரமுள்ள ரூட் யூசரில் ஓடியதா, இணைப்புகள் ஹேக் ஆன வேர்ட்பிரஸ் தளத்தைக் காட்டும் வடிவத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். உள்வரும் மெயிலில் இவை சிறு துப்புகள். நம் சொந்த இயந்திரத்திலிருந்து கிளம்பும் மெயிலில் "இவால்" என்று அந்த விதியின் சின்னம் விழுந்தால் அது துப்பு இல்லை, கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. அதற்கான மதிப்பெண்ணை வெளியே போகும் மெயிலுக்கு மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன்.

இதையும் தாண்டி ஒரு சந்து இருக்கிறது, இதற்கு ஆர்ஸ்பாம்டி பொறுப்பில்லை. திருட்டு நிரல் பிஎச்பியின் மெயில் செயல்கூற்றைத் தொடாமல், தானே ஒரு நெட்வொர்க் இணைப்பு (சாக்கெட்) திறந்து, 127.0.0.1-ல் மெயில் சர்வர் கேட்டுக்கொண்டிருக்கும் 25-ஆம் போர்ட்டில் பேசலாம். போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளூர் முகவரியை நம்பும். தலைப்பும் இருக்காது, லாகினும் இருக்காது. அல்லது நம் போஸ்ட்ஃபிக்ஸையே கண்டுகொள்ளாமல், நேராக வெளியுலக மெயில் சர்வர்களின் 25-ஆம் போர்ட்டுக்குப் போகலாம். அப்போது மில்ட்டராவது ஒன்றாவது. இரண்டுக்கும் மருந்து ஃபயர்வாலில் இருக்கிறது: 25-ஆம் போர்ட்டுக்கு வெளியே போக போஸ்ட்ஃபிக்ஸ் யூசருக்கு மட்டும் அனுமதி, மற்ற யூசர்களுக்கு மறுப்பு. யூசர் வாரியாகத் தடுப்பது லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் பல காலமாகவே உண்டு. உள்ளூர் 25-க்கும் அதே மாதிரி. ஆர்ஸ்பாம்டியைப் போட்டுவிட்டோம், இனி தூங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இந்த ஃபயர்வால் விதியைப் போட்டுவிட்டு வரட்டும். இது இல்லாமல் அது அரைக் காவல்.

உள்ளடக்கம் படிக்கும் பக்கத்தில் எனக்குப் பயன்படுவது பேயஸ் அல்ல, ஃபஸி. பேயஸ் என்பது காட்டிய மெயில்களின் சொற்களை வைத்துக் கற்கும் முறை; அது தொடங்கவே ஸ்பாம் 200, நல்லது 200 என்று கற்றுக்கொடுக்க வேண்டும். வெளியே போகும் மெயிலில் நல்லது எது என்று தினமும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம்? ஃபஸி அப்படியில்லை. ஒரே ஒரு மெயிலைக் காட்டினால் போதும். அதன் தோராயக் கைரேகையை எடுத்து வைத்துக்கொள்ளும். பெயரையும் இரண்டு சொல்லையும் மாற்றிப்போட்டு அடுத்த ஆயிரம் அனுப்பினாலும் ஒட்டிக்கொள்ளும். 11335-ஆம் போர்ட்டில் நமக்கென்று ஒரு ஃபஸி கிடங்கு நடத்தலாம். எங்கள் எல்லா சர்வர்களும் ஒரே கிடங்கைக் கேட்கின்றன. ஒரு சர்வரில் பிடித்த குப்பை இன்னொரு சர்வரில் வேறு திருட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பினால் முதல் மெயிலிலேயே நின்றுவிடுகிறது. புகார்கள் வரும்போது மெயில் சேவை நிறுவனங்கள் ஏஆர்எஃப் என்ற புகார் வடிவத்தில் மூல மெயிலை இணைத்து அனுப்புகின்றன. அதை அப்படியே ஃபஸிக்கு ஊட்டிவிடலாம்.

எதில் கைவிடுகிறது என்றும் சொல்ல வேண்டும். தொடர்புப் படிவங்கள். "எனக்கும் ஒரு நகல் அனுப்பு" என்ற கட்டம், செய்திமடல் பதிவு, உறுப்பினர் பதிவு. திருடன் மெயில் முகவரிக் கட்டத்தில் பலியாளின் முகவரியைப் போடுகிறான். பெயர்க் கட்டத்தில் "உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது" என்று எழுதி ஓர் இணைப்பை ஒட்டுகிறான். தளம் பணிவாக "வணக்கம், உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது, எங்களிடம் பதிவு செய்ததற்கு நன்றி" என்று அனுப்பி வைக்கிறது. மெயில் நம் வாடிக்கையாளரின் சொந்த வார்ப்புரு. டிகிம் கச்சிதம், அனுப்புநர் உண்மை, அளவு சாதாரணம். மெதுவாகவும் வருகிறது. ஆர்ஸ்பாம்டி இதற்கு மதிப்பெண் போடுவதே இல்லை, அதன் மேல் தப்பும் சொல்ல முடியாது. விளிக்கும் வரியில் இணைப்பு இருந்தால் மதிப்பெண் ஏற்றும் ஒரு விதியை எழுதிப் பார்த்தேன். சில பிடிபடுகின்றன, பல நழுவுகின்றன. படிவத்தில் கேப்ட்சா போடுவதும், பெயர்க் கட்டத்தில் இணைப்பை மறுப்பதும்தான் தீர்வு. அது வாடிக்கையாளரின் கையில்.

ஃபார்வர்டு இன்னொரு தலைவலி. வாடிக்கையாளர் தன் பெட்டிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருப்பார். அவருக்கு வரும் ஸ்பாமும் நம் ஐபியிலிருந்து போகும்; ஜிமெயில் கண்ணுக்கு அனுப்பியது நாம். இதில் ஆர்ஸ்பாம்டி உதவுகிறது: உள்வரும்போது ஸ்பாம் என்று தலைப்பு ஏறியிருந்தால் திருப்பாமல் இங்கேயே ஜங்க் கோப்புறையில் போடு என்று ஒரு சீவ் விதி (பெட்டிக்கு வரும் மெயிலைப் பிரித்துப்போடும் விதி).

டிஎன்எஸ் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்பாம்ஹாஸ் போன்ற பட்டியல்களைப் பொது டிஎன்எஸ் ரிசால்வர் (பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தரும் பொதுச் சேவை) வழியாகக் கேட்டால் பதில் கிடைக்காது, 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறி திரும்பும். இயந்திரத்திலேயே அன்பவுண்ட் மாதிரி ஒரு ரிசால்வர் ஓட்டி, ஆர்ஸ்பாம்டியை அதைக் கேட்கச் சொல்ல வேண்டும். வெளியே போகும் மெயிலில் இது முக்கியம், ஏனென்றால் மெயிலுக்குள் இருக்கும் இணைப்பின் டொமைன் கெட்ட பட்டியலில் இருக்கிறதா என்ற சோதனைதான் உள்ளடக்கச் சோதனைகளில் நம்பத் தகுந்தது.

வலைப்பக்கம் அழகு. மதிப்பெண் வரைபடம், ஹிஸ்டரி, எந்தச் சின்னம் எத்தனை புள்ளி என்று எல்லாம் கண் முன்னே. இரண்டாம் நிலை உதவியாளர்களிடம் கொடுத்தால் "ஏன் என் மெயில் நின்றது?" என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி அதில் கிடையாது. அதைப் பேனலில் நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டமைப்புக் கோப்புகளைப் பழக நாளாகும். லோக்கல் கோப்புறையில் எழுதுவது இயல்பு அமைப்போடு கலந்துகொள்ளும். ஓவர்ரைடு கோப்புறையில் எழுதுவது அதைத் தூக்கிவிட்டு உட்காரும். இந்த வித்தியாசம் மண்டையில் ஏறும்வரை குழப்பம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கட்டமைப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டுவதோடு, கடைசியில் கலந்து கிடைத்தது என்ன என்று முழுதாக அச்சிடும் கட்டளையையும் ஓட்டுங்கள். முதலாவது இலக்கணப் பிழையை மட்டும் சொல்லும். நீங்கள் எழுதிய விதி உண்மையில் எங்கே போய் ஒட்டியது என்று இரண்டாவதுதான் காட்டும்.

இதற்குப் பதில் வெளிப் போக்குவரத்து முழுவதையும் நம் மெயிலை வாங்கித் தங்கள் ஐபியிலிருந்து அனுப்பும் வாடகை ரிலே சேவை ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவர்கூட முழுநேரம் இல்லாத நிறுவனம் என்றால் அதுவே புத்திசாலித்தனம். ஐபி கெட்டுப்போவது அவர்கள் தலைவலி. ஆனால் அவர்களும் கடைசியில் "உங்கள் யூசர் எண் இத்தனை, இந்தக் கோப்பு" என்று நம்மிடம்தான் திருப்பி அனுப்புவார்கள். ஓட்டையை அடைக்கும் வேலை நம்மை விட்டு எங்கும் போகாது. லாக் படிக்கப் பொறுமையும், லுவாவில் பத்து வரி எழுதத் துணிவும் இருக்கும் ஆளுக்கு ஆர்ஸ்பாம்டியைத் தயங்காமல் சொல்வேன். நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று, அந்த வரம்பு எச்சரிக்கை தயாராக இல்லாததற்கு.

போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 1997-ன் ஆர்எஃப்சி 2142 என்ற இணைய விதி ஆவணம் சொல்லும் அப்யூஸ், போஸ்ட்மாஸ்டர் ஆகிய இரண்டு முகவரிகளையும் வடிகட்டியிலிருந்து விலக்கி வையுங்கள். உங்கள் சர்வரிலிருந்து குப்பை போனது என்று புகார் எழுதுகிறவர் அந்தக் குப்பையையும் சேர்த்துத்தான் அனுப்புவார். விலக்கவில்லை என்றால் ஆர்ஸ்பாம்டி தன் கடமையைச் சரியாகச் செய்து, 15 மதிப்பெண் போட்டு, அந்தப் புகாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.